பேர் போன கவிதை

மாசி மாதத்தில் ஒரு மாலை, பெரிய முதலியார்சாவடியில் என் கைப்பேசிக்கு ஒரு காணொலி வந்து விழுந்தது. நாற்பத்திரண்டு நொடி. ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள்; கணுக்காலுக்கு மேல்வரை உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருக்கிறது. பிளாஸ்டிக் குடத்திலிருந்து நல்ல தண்ணீர் விழுகிறது. முதலில் வலது கால், அப்புறம் இடது. வெள்ளை கரைந்து தோல் தெரிகிறது. குதிகால் வெடிப்பில் மட்டும் போக மறுக்கிறது. பின்னால் ஒரு பெண்குரல் கவிதை வாசிக்கிறது. அந்தக் கவிதையில் உப்பும் இல்லை, காலும் இல்லை. கடன் அடைத்துவிட்டு வீடு திரும்பிய ஒரு நாளைப் பற்றி அது பேசுகிறது. குரல் முடிவதற்குள் படம் அறுந்துபோனது.

அனுப்பியவர் எங்கள் தெருக்கோடியில் வலை பின்னும் இளைஞர். போய்க் கேட்டேன்.

“தம்பி, இது யார் எழுதினதுப்பா?”

“தெரியலண்ணே. குரூப்புல வந்துச்சி. நல்லா இருந்துச்சி, போட்டு உட்டேன்.”

“எந்த குரூப்பு?”

“ஐஸ் லோடு குரூப்புண்ணே.”

மீனுக்கு ஐஸ் ஏற்றும் குழுவில் கவிதைப்படம் சுற்றுகிறது என்பது எனக்குச் சந்தோஷமான செய்திதான். ஆனால் அன்றிலிருந்து மூன்று வாரம் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரரைத் தேடினேன். கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் மிச்சம்.

கவிதையை ஒலியாகவோ எழுத்தாகவோ உள்ளே வைத்து, அதோடு உரசி நிற்கும் காட்சிகளால் ஆன சிறு படத்தைக் கவிதைப்படம் என்று வைத்துக்கொள்வோம். உலக சினிமாவில் இது பழைய சங்கதி. 1921-இல் பால் ஸ்ட்ராண்டும் சார்ல்ஸ் ஷீலரும் நியூயார்க் நகரத்தைப் பற்றி எடுத்த ‘மன்ஹாட்டா’வில் வால்ட் விட்மனின் வரிகள் இடையிடையே எழுத்தாக வருகின்றன. 1928-இல் மான் ரே, ராபர்ட் தெஸ்னோசின் கவிதையிலிருந்து ஒரு படம் செய்தார். காணொலிக் கவிதை என்ற பெயரை 1978 வாக்கில் கனடாவின் டாம் கோனிவெஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2011-இல் அதற்கு ஒரு கொள்கை அறிக்கையே எழுதினார். கவிதை சொல்வதையே படம் திரும்பக் காட்டினால் இரண்டுமே வீண் என்பது அவர் பிடிவாதமாகச் சொல்லும் விஷயம். பெர்லினில் ‘செப்ரா’ கவிதைப்பட விழா 2002-இல் தொடங்கியது. நம் நாட்டில் டில்லியின் ‘சாதோ’ அமைப்பு 2007-இல் இப்படியொரு விழாவைத் தொடங்கியது.

தமிழில் இதைத் தெரிந்தே செய்தவர்களில் லீனா மணிமேகலை முக்கியமானவர். கவிஞர், படமும் எடுப்பவர். 2005-இல் ‘லவ் லாஸ்ட்’ என்ற சிறு காணொலிக் கவிதை, 2012-இல் சங்கப் பெண்கவிகளைத் தேடிப் போகும் ‘மை மிரர் இஸ் த டோர்’. அதே லீனாவின் ‘காளி’ 2022 ஜூலையில் என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவரொட்டி ஒன்று நாடெங்கும் பரவியது, வழக்குகள் வந்தன, டொராண்டோவில் படத்தைத் திரையிட்ட அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்தது. திட்டியவர்களிலும் ஆதரித்தவர்களிலும் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒரு படத்தின் சுவரொட்டி லட்சக்கணக்கானோரை எட்டி, படம் எட்டாமல் போவது இணையத்தில் மட்டும் நடக்கக்கூடிய விநோதம்.

நான் தேடிய விதத்தைச் சொல்கிறேன். யூடியூப்பில் ‘உப்பளம் கவிதை’ என்று தட்டினால் மரக்காணம் உப்பளத்தின் மேலே ட்ரோன் பறக்கிறது. கட்டம் கட்டமாகப் பாத்திகள், நடுவில் புள்ளி புள்ளியாக மனிதர்கள், பின்னணியில் வயலின். அடுத்த முடிவும் ட்ரோன். அதற்கடுத்ததும். ஆங்கில எழுத்தில் தட்டினால் வேறு பிரச்சினை. கவிதை என்ற ஒரே சொல்லில் ‘த’வுக்கு ஓர் ஆள் ‘dh’ போடுகிறார், ஒருவர் ‘th’ போடுகிறார், ஒருவர் வெறும் ‘d’யோடு விட்டுவிடுகிறார். எங்கள் ஊர்ப் பேர் கடைப் பலகைகளில் நான் பார்த்தவரை ஐந்து விதமாக எழுதப்படுகிறது; பேருந்தின் நெற்றியில் ஆறாவது விதம். படத்துக்குள் அழகாக எழுதிய தமிழ் வரி, தேடுபொறியைப் பொறுத்தவரை வெறும் கோடுகள். தலைப்பிலும் விளக்கக் குறிப்பிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதற்குக் கண். நம் ஆட்களோ அந்த இடத்தைத்தான் காலியாக விடுகிறார்கள், இல்லையென்றால் பத்து ஹாஷ்டேக் போட்டு நிரப்புகிறார்கள். அவற்றில் ஒன்று நிச்சயம் ஏதாவது நடிகர் பேராக இருக்கும்.

பெயரிடுவதிலேயே குழப்பம். கவிதைப்படம், காணொலிக் கவிதை, காட்சிக் கவிதை, கவிதை வீடியோ, சும்மா ‘குறும்படம்’. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ 2009-இல் வந்ததிலிருந்து குறும்படம் என்றாலே சினிமா வாய்ப்புக்கான அறிமுகச் சீட்டு என்று ஆகிவிட்டது. அதிலிருந்து கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் வந்தார்கள், நல்லதுதான். ஆனால் எந்த வாய்ப்பையும் குறிவைக்காத மூன்று நிமிடப் படத்துக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை. இன்னொரு பக்கம் திரைப்பாட்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்த கண்களுக்கு, சொல்லும் படமும் சேர்ந்து வந்தால் கதாநாயகனும் நாயகியும் எங்கே என்றுதான் தேடத் தோன்றும். தமிழில் கவிதைப்படத்துக்குப் பெரிய போட்டி யார் என்றால் ஐந்து நிமிடத்தில் கவிதையையும் காட்சியையும் இசையையும் ஒன்றாகக் கொட்டித் தரும் சினிமாப் பாட்டுதான்.

தளங்களின் கணக்கும் இதற்கு எதிராக இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முன்னிறுத்தும்படி யூடியூப் 2012-இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. 2018-இலிருந்து விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை என்றது. மூன்று நிமிடக் கவிதைப்படம் ஒன்றுதான் ஒருவரிடம் இருக்கிறது என்றால், அதை முழுசாக 80,000 தடவை யாராவது பார்த்தால்தான் அந்த 4,000 மணி நேரம் நிறையும். தமிழில் 500 பிரதி விற்ற கவிதைத் தொகுப்பைக் கொண்டாடுகிறோம். 2020 செப்டம்பரில், பார்வையாளர்களே சப்டைட்டில் எழுதித் தரும் வசதியையும் அந்தத் தளம் நிறுத்திவிட்டது. சின்ன மொழிகளுக்கும் சின்னப் படங்களுக்கும் அது பெரிய இழப்பு. கொரியாவிலோ கொலம்பியாவிலோ இருக்கும் ஒருவர் தமிழ்க் கவிதைப்படத்தைத் தற்செயலாகக் கண்டு ரசிக்க இருந்த ஒரு திட்டிவாசல் மூடிக்கொண்டது.

கவிதைப்படக்காரர்கள் உலகெங்கும் விமியோவைத்தான் வீடாக வைத்திருந்தார்கள். விளம்பரம் குறுக்கே வராது, படத்தின் தரம் கெடாது, மனிதர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் உண்டு. அந்த வீட்டுக் கதவு தமிழ்நாட்டுக்கு ஒருமுறை சாத்தப்பட்ட கதை சுவையானது. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டு யூடியூப்பில் வந்து உலகம் சுற்றியது. அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் 2012 மார்ச்சில் வெளியானது. திருட்டுப் பதிவைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராக உத்தரவு வாங்கினார்கள். அதைக் காட்டி, மே மாதம் இணையச் சேவை நிறுவனங்கள் விமியோவையும் டெய்லிமோஷனையும் தளத்தோடு சேர்த்தே முடக்கிவிட்டன. ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்கினால் போதும் என்று தெளிவுபடுத்தியது. பகிர்தலால் புகழ்பெற்ற பாட்டு. அதன் படத்தைக் காக்கப் போய்ப் பகிரும் இடத்தையே பூட்டினார்கள். 2014 டிசம்பரில் மறுபடியும், இந்தத் தடவை பயங்கரவாதப் பிரச்சாரம் என்ற காரணத்தால், மத்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் விமியோவும் இருந்தது. அத்தனை நாளும் தெஸ்னோசும் விட்மனும் என்ன பாவம் செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: பேர் தெரியாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்கள் வைத்திருக்கும் வழக்கப் பேர் ‘அசோக் குமார்’. சட்டத்துக்குக்கூடப் பேர் இல்லாதவனுக்கு ஒரு பேர் வேண்டியிருக்கிறது.

பேர் இல்லாத கவிதை தமிழுக்குப் புதிதில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் கையில் பாட்டு இருந்தது, பாடியவர் பேர் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டில் கண்ணில் நின்ற படத்தையே எடுத்துப் புலவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார். ஒவ்வொன்றும் ஒரு ஷாட். அன்றைக்கு ஆளைத் தவறவிட்டவர்கள், ஆளின் கண் எங்கே நின்றது என்பதைத் தவறவிடவில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்கள் செய்வது ‘படித்ததில் பிடித்தது’.

தொகுத்தவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. 401 பாட்டுள்ள குறுந்தொகையைப் பூரிக்கோ தொகுத்தார் என்கிறார்கள். நான்கு அடி முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு. நீளத்தை வைத்துத்தான் பிரித்தார்கள். அந்த வகையில் பார்த்தால் இன்றைய தளங்களும் நீளத்தைத்தான் பார்க்கின்றன: வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முப்பது நொடியாக இருந்து, 2020 ஊரடங்கின்போது இந்தியாவில் பதினைந்து நொடியாகச் சுருங்கியது. டிக்டாக் தடைக்குப் பிறகு 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் சோதனைக்கு வந்த யூடியூப் ஷார்ட்ஸ் பதினைந்து நொடியில் தொடங்கி, பிறகு அறுபது நொடி ஆனது. 2024 அக்டோபரில் மூன்று நிமிடம். அளவால் பிரிப்பதோடு இவர்கள் வேலை முடிந்தது. அவர்களோ அதன்பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பாட்டின் கீழும் இது யார் கூற்று, யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்று துறைக்குறிப்பு எழுதினார்கள். அகநானூற்றைத் தொகுத்த உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மர் (பேரிலேயே உப்பு!) எண்ணுக்குள்ளேயே திணையை வைத்தார். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. பத்து, இருபது, முப்பது என்று பத்தின் மடங்காக வந்தால் நெய்தல். 140-ஆம் பாட்டு, 390-ஆம் பாட்டு என்று சொன்ன மாத்திரத்தில், பாட்டைப் பார்க்காமலே, கடற்கரைப் பாட்டு என்று தெரிந்துவிடும். எந்த ஹாஷ்டேக் இதைச் செய்கிறது?

அந்த இரண்டு பாட்டுமே அம்மூவனாருடையவை. இரண்டிலும் உப்பு விற்கும் பெண் வருகிறாள். 140-இல் அவள் கைவளை ஒலிக்கக் கைவீசிச் சேரியில் உப்பு விலை கூவிப் போகிறாள். பழகாத குரல் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரளுகிறாள். அந்த மிரண்ட கண்தான் பாட்டைச் சொல்பவனைக் கொல்கிறது. உப்பளத்தின் அகலமான காட்சி ஒன்றுகூட நீடித்து நிற்கவில்லை. கை, குரல், நாய், கண். ஒலியை வைத்து வெட்டுகிற படத்தொகுப்பு அது. மரக்காணத்தின் மேல் ட்ரோன் பறக்கவிடும் தம்பிகள் இந்த ஒரு பாட்டை நாலு தடவை வாசித்தால் பாதி பேட்டரி மிஞ்சும். நிலம், பொழுது என்ற முதற்பொருளையும் அங்குள்ள கருப்பொருளையும் காட்டு, உணர்வாகிய உரிப்பொருளை வாய்விட்டுச் சொல்லாதே என்பது அகப்பாட்டின் நடைமுறை. கோனிவெஸ் அறிக்கை எழுதிச் சொன்னதும் ஏறக்குறைய அங்கே வந்து நிற்கிறது. எனக்கு வந்த காணொலி அதனால்தான் என்னைத் தைத்தது: படத்தில் கால், பாட்டில் கடன்.

இந்தக் கரைக்கு இதில் பாத்தியதை உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் அதே பேரில் இருக்கிறது. அவர் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துகிறவர்கள் உண்டு. உமணர்களின் உப்பு வண்டிகளும் அந்தப் பாட்டில் போகின்றன. அந்தச் சாலைகளில் சரக்கோடு பாட்டும் போயிருக்கும். எங்கள் ஊர்ப் பேரில் இருக்கும் சாவடி வழிப்போக்கர் தங்குமிடம். இப்போது அங்கே தங்குவோர் ஆரோவில்லுக்கு வருகிறவர்கள். இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஆரோவில்லின் ‘சினிமா பாரடிசோ’ அரங்கு. 2009-இல் தொடங்கிய ஆரோவில் திரைப்பட விழாவில் உலகின் பல மூலைகளிலிருந்து வரும் சிறு படங்களைப் பெரிய திரையில் பார்க்கலாம். அந்த அரங்குக்கும் ஐஸ் லோடு குழுவுக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை மட்டும்தான். படங்கள் அதைக் கடப்பதைத்தான் காணோம்.

பேர் எப்படி உதிர்கிறது என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கவிதைப்படம் எடுப்பவர் பேரைக் கடைசியில் போடுகிறார், கறுப்புத் திரையில், சின்ன எழுத்தில். ஸ்டேட்டஸுக்காக வெட்டும்போது முதலில் போவது கடைசிதான். அகலப் படத்தை நெட்டைப் படமாக்கும்போது ஓரத்தில் நின்ற பேர் போகிறது. யாரோ இறக்கி, யாரோ தங்கள் சேனல் முத்திரையை மூலையில் குத்தி ஏற்றுகிறார்கள். அது மட்டும் நிலைக்கிறது. ஓலைச்சுவடிக்கும் இதே விதிதான். கட்டின் மேலேடும் கீழேடும்தான் முதலில் செல்லுக்கு இரையாகும். பதிற்றுப்பத்தில் நமக்குக் கிடைக்காதவை எவை? முதல் பத்தும் கடைசிப் பத்தும்.

கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டாலும் தப்பிக்க முடியாது. 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யின் வரிகள் அறிவு எழுதியவை. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேட்ட பிறகுதான் பேச்சு வந்தது. உழைத்த பாட்டன் பாட்டியைப் பற்றிய பாட்டில் எழுதியவர் பேர் விடுபட்டதைத் தற்செயல் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இதற்கு மருந்தும் பழைய பெட்டியில் இருக்கிறது. ஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பேரையும் தன் ஊரான காழியையும் பாட்டோடு பாட்டாக வைத்துத் தைத்தார். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பேர். கோபாலகிருஷ்ண பாரதி தன் கீர்த்தனைகளில் பேரை முத்திரையாக வைத்தார். கபீரும் தன் பாட்டில் ‘கபீர் சொல்கிறேன்’ என்று வந்து நிற்பார். அவர் பேரை வெட்ட வேண்டுமென்றால் பாட்டையே வெட்ட வேண்டும். சப்னம் விர்மானி 2003-இல் பெங்களூரில் தொடங்கிய கபீர் திட்டத்தில் நான்கு ஆவணப்படங்கள் எடுத்ததோடு நிற்காமல், ‘அஜப் ஷஹர்’ என்ற பேரில் பாட்டு, பாடியவர், பொருள், மொழிபெயர்ப்பு என்று கோத்து ஒரு களஞ்சியமே அமைத்தார்கள். ஒரு பாட்டைத் தொட்டால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் கூட வருகிறார்கள். இது நான் பார்த்தவரை நம் காலத்தின் தொகைநூல். தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது ஸ்ருதி டிவி. ஊர் ஊராகப் போய் இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்து, யார், எங்கே, எந்த நூல் பற்றி என்று தலைப்பிலேயே எழுதி யூடியூப்பில் வைக்கிறார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத அந்தத் தலைப்புகளால்தான் பல வருடத்துக்கு முந்தைய உரை இன்றைக்கும் கையில் சிக்குகிறது. கவிதைப்படத்துக்கு இப்படி ஒருவர் வரவில்லை.

உரிமைச் சிக்கல் ஒன்று இடையில் நிற்கிறது. பாரதியின் படைப்புகள் 1949-இல் அரசுடைமை ஆயின. அந்த முடிவை எடுத்த ஆட்சிக்குத் தலைமை வகித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர். அதனால் பாரதியை யாரும் படமாக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டைச் சினிமாவில் கேட்ட மெட்டில் பாடினால், தளத்தின் தானியங்கிச் சல்லடை அதை ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் கணக்கில் எழுதிவிடலாம். சொல் பொதுச்சொத்து, மெட்டு தனிச்சொத்து. உயிரோடிருக்கும் கவிஞர் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் முறை. பெரும்பாலானோர் சந்தோஷமாகத் தருவார்கள், காசுகூடக் கேட்கமாட்டார்கள். கேட்காமல் எடுப்பதால்தான் பேர் போட யோசிக்கிறார்களோ என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும்.

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன நூல் படித்திருக்கிறீர்கள் என்று உ.வே.சாமிநாதையரைக் கேட்டார். ஐயர் நீளமாகப் பட்டியல் சொன்னார். முதலியார் மசியவில்லை, சிந்தாமணி படித்ததுண்டா என்றார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. தமிழில் கண்டெடுப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது: ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, இதைப் பார்த்தீர்களா என்று கேட்பதில்.

நானும் கேட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். காணொலியைச் சேமித்தேன், கோப்புக்கு எண்களால் ஆன ஒரு பேரைக் கைப்பேசியே வைத்திருந்தது, அதை அழித்தேன். தெரிந்தவர்கள் முப்பது பேருக்கு அனுப்பும் முன் கீழே இப்படித் தட்டினேன்:

நெய்தல். மாசி, வெயில் தாழ்ந்த நேரம். கடன் அடைத்து வந்தவள் தனக்குள் சொல்லியது. இடம் உப்பளம், மரக்காணம் பக்கமாக இருக்கலாம். 42 நொடிக்கு மேல் உள்ளது கிடைக்கவில்லை. பாடியவர்: கால்கழுவு நன்னீரார். உண்மைப் பேர் தெரிந்தவர் சொல்லவும்.

முதல் பதில் வலை பின்னும் தம்பியிடமிருந்து வந்தது.

“அண்ணே, இவரு பழைய புலவரா? நம்ம பக்கத்து ஆளு மாதிரி பேசுறாரு?”